பிரைட்டனில் எந்தப் பகுதியில் தங்குவது? முழங்கால் வலியுள்ள அப்பா, சிறு பையன், மூன்று இரவு

கயல்_ப:
வணக்கம். மே மாதக் கடைசியில் இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள பிரைட்டன் போகிறோம். வெள்ளிக்கிழமை போய் திங்கள் திரும்புவதாகத் திட்டம். நான், கணவர், ஆறு வயது மகன், என் அப்பா, அம்மா என ஐந்து பேர். அப்பா சமதளத்தில் அரை மணி நேரம் நடப்பார், படி என்றால் திணறுவார். அம்மா சுத்த சைவம். கார் கிடையாது, கேட்விக் விமான நிலையத்தில் இறங்கி நேரே ரயில்.

நார்த் லெய்ன், கெம்ப் டவுன், ரீஜென்சி ஸ்கொயர், ஹோவ் என்று பல பெயர் வருகிறது. வரைபடத்தில் எல்லாமே கடலுக்குப் பக்கத்தில்தான் இருக்கின்றன. மரீன் பரேடில் கடல் தெரியும் விருந்தினர் விடுதி ஒன்று மற்றவற்றைவிடக் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. அதை எடுத்துவிடலாமா? ஹோவ் ரொம்பத் தள்ளியா?

சரளைக்கல்:
மரீன் பரேடை அப்பாவுக்காக எடுக்காதீர்கள். காரணம் சொல்கிறேன்.

பேலஸ் பியர் என்ற, கடலுக்குள் நீளும் கேளிக்கை மேடைக்குக் கிழக்கே போகப் போக அந்தச் சாலை மேலே ஏறிக்கொண்டே போகும், கடற்கரை கீழேயே நின்றுவிடும். நடுவில் உயரமான சுவர். அதை ஒட்டித்தான் மடேரா டெரஸ் என்ற விக்டோரியா காலத்து இரும்பு வளைவு வரிசை. அது பல ஆண்டாகப் பழுதாகி மூடிக் கிடக்கிறது, கொஞ்சம் கொஞ்சமாகச் சீரமைக்கிறார்கள். கீழே கடற்கரைக்கு இறங்க நீளமான படிக்கட்டு, இல்லையென்றால் டியூக்ஸ் மவுண்ட் என்ற சரிவுச் சாலை, இல்லையென்றால் பியர் வரை திரும்பி நடந்து சுற்றிப் போக வேண்டும். பழைய லிஃப்ட் ஒன்று உண்டு, அதை நம்பித் திட்டம் போட முடியாது. கடல் கண்ணுக்குத் தெரியும், காலுக்கு எட்டாது.

இந்த ஊரில் தூரம் ஒரு பொருட்டே இல்லை. பியரிலிருந்து மேற்கே, ஹோவ் எல்லையில் நிற்கும் சமாதானச் சிலை வரை 2 கிலோமீட்டர்கூட வராது. ரயில் நிலையத்திலிருந்து குயின்ஸ் ரோடு, மணிக்கூண்டு, வெஸ்ட் ஸ்ட்ரீட் என்று நேர்கோட்டில் இறங்கினால் 15 நிமிடத்தில் கடல். ஆனால் அந்த 15 நிமிடமும் இறக்கம், அதாவது திரும்பும்போது முழுக்க ஏற்றம். செவன் டயல்ஸ், ஹனோவர் பகுதிகள் இன்னும் மோசம். ஹனோவரில் சவுத்ஓவர் ஸ்ட்ரீட் ஏறினால் முழங்கால் சரியாக இருப்பவருக்கே மூச்சு வாங்கும்.

அடுத்தது கட்டடம். விருந்தினர் விடுதிகளில் பெரும்பாலானவை 19ஆம் நூற்றாண்டு அடுக்கு வீடுகள். அகலம் குறைவு, நான்கைந்து மாடி, நடுவில் வளைந்து ஏறும் ஒரே படிக்கட்டு. பாதுகாக்கப்பட்ட கட்டடப் பட்டியலில் இருப்பதால் லிஃப்ட் வைக்க அனுமதி எளிதில் கிடைக்காது. முதல் மாடியில் உயரமான கூரையும் பால்கனியுமாக அழகான அறை இருக்கும். அந்தக் காலத்தில் அது வரவேற்பறை. மேலே போகப் போகக் கூரை தாழும். கடைசி மாடி வேலைக்காரர்கள் தூங்கிய இடம், சாய்வுக் கூரையில் தலை இடிக்கும். விலை குறைந்த அறை என்று வலைத்தளத்தில் வருவது பெரும்பாலும் இந்த உச்சி மாடி, அல்லது தெருவுக்குக் கீழே இருக்கும் லோயர் கிரவுண்ட். இரண்டாவதில் வெளிச்சமும் குறைவு, ஈர வாடையும் இருக்கலாம்.

தரைத்தள அறை கேட்டால் தப்பிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். அடித்தளத்துக்கு வெளிச்சம் வர வேண்டும் என்று தரைத்தளத்தை நடைபாதையிலிருந்து உயர்த்தித்தான் கட்டியிருக்கிறார்கள், வாசலிலேயே நாலைந்து படி இருக்கும்.

உங்களுக்குப் பொருத்தம், ஹோட்டலுக்கென்றே கட்டிய கட்டடம். கடற்கரையில் கிங்ஸ் ரோட்டில் ஹாலிடே இன், லியோனார்டோ வாட்டர்ஃப்ரண்ட் இரண்டும் அப்படி. பவிலியன் அரண்மனைப் பக்கம் நார்த் ஸ்ட்ரீட்டில் பிரீமியர் இன். ரயில் நிலையத்தை ஒட்டி ஐபிஸ். 1864இல் திறந்த கிராண்ட் ஹோட்டலிலும் லிஃப்ட் உண்டு, பணம்தான் கேட்கும். ஐந்து பேர் என்பதால் இரண்டு அறை எடுத்தே ஆக வேண்டும். குடும்ப அறை என்பது பொதுவாக இரண்டு பெரியவர், இரண்டு பிள்ளைகள் என்ற கணக்கு. நடுக்கதவு உள்ள ஜோடி அறை கிடைக்குமா என்று தொலைபேசியில் கேளுங்கள், வலைத்தளத்தில் அது தெரியாது.

ஹோவ்_மாமா:
ஹோவ் தூரம் எண்டு சொல்லுறது பிரைட்டன்காரர் கட்டிவிட்ட கதை, தங்கச்சி. சேர்ச்சில் ஸ்குவயர் கடைத்தொகுதியில இருந்து வெஸ்டர்ன் ரோட் நேரா மேற்க போய், பால்மெய்ரா ஸ்குவயருக்குப் பிறகு சேர்ச் ரோட் எண்டு பேர் மாறும். அந்த ரோட்டில சில நிமிசத்துக்கு ஒரு பஸ். டிக்கெட்டுக்குக் காசு தேட வேண்டாம், வங்கி அட்டையைத் தட்டினாப் போதும். ஒரு பயணம் எவ்வளவு தூரம் எண்டாலும் 3 பவுண்டுக்கு மேல போகாது, நாள் முழுக்க ஓடுறதெண்டா நாள் டிக்கெட் லாபம்.

உங்கட அப்பாவுக்கு ஹோவ் ஏன் நல்லது எண்டால், அங்க கடற்கரை நிலம் மட்டமா இருக்கு. ரோட்டைக் கடந்தா ஹோவ் லோன்ஸ் புல்வெளி, புல்வெளி தாண்டினா நடைபாதை, அதுக்கங்கால கல்லுக்கரை. எல்லாம் ஒரே மட்டம், படி இல்லை. இருக்க வாங்கு, அதான் பெஞ்ச், நிறைய. பிரன்ஸ்விக் ஸ்குவயர், அடிலெய்ட் கிரெசென்ட் பக்கம் வீடுகள் வடிவா இருக்கும், ஆனா சரளைக்கல் சொன்ன அதே படிக்கட்டுப் பிரச்சினை அங்கயும் இருக்கு. ஏரியாவைப் பாத்து மயங்காமல் கட்டடத்தைப் பாருங்கோ. கிங்ஸ்வே ரோட்டில இருக்கிற இருபதாம் நூற்றாண்டு மாடிக் கட்டடங்களில லிஃப்ட் இருக்கும், அங்க வாடகை ஃபிளாட்டும் வரும்.

ரயில் விசயம் ஒண்டு, கனபேருக்குத் தெரியாது. ஹோவில தங்கினா பிரைட்டன் ஸ்டேசனுக்குப் போகத் தேவையில்லை. லண்டன் விக்டோரியாவில இருந்து லிட்டில்ஹாம்டன் பக்கம் போற சதர்ன் ரயில் கேட்விக்கில நிண்டு, பிரைட்டனுக்குள்ள போகாமல் வளைஞ்சு நேரா ஹோவுக்குப் போகும். பிரைட்டன் ரயில் அளவுக்கு அடிக்கடி இல்லை, நேரத்தைப் பாத்து ஏறுங்கோ. தவறவிட்டாலும் பரவாயில்லை, பிரைட்டனில மாறினா அடுத்த ஸ்டேசனே ஹோவ்தான், நாலஞ்சு நிமிசம்.

ஹோவ் ஸ்டேசனில இருந்து கடல் 20 நிமிச நடை. பெட்டியோட அப்பாவை நடத்த வேண்டாம், டாக்ஸி எடுங்கோ. இந்த ஊர் டாக்ஸி வெள்ளைக் காருக்கு முன்னும் பின்னும் நீலப்பச்சை அடிச்சிருக்கும், தூரத்திலயே தெரியும்.

கறிவேப்பிலை:
மாமா சொல்வது முழங்காலுக்குச் சரி. ஆறு வயதுப் பையனுக்குச் சரியில்லை. பியர் விளையாட்டுகள், 1883இலிருந்து ஓடும் வோல்க்ஸ் மின்சார ரயில், சீ லைஃப் மீன்காட்சி எல்லாம் பேலஸ் பியரைச் சுற்றித்தான். ஹோவிலிருந்து தினம் இரண்டு முறை பஸ் ஏறி இறங்குவது பெரியவர்களுக்கும் அலுப்புத்தான். மதியம் அப்பா அறைக்குத் திரும்பிப் படுக்க, மற்றவர்கள் சுற்ற வேண்டுமென்றால் நடுவில் தங்குவதே வசதி.

அம்மாவின் சாப்பாட்டுக்கும் நடுநகரம்தான் நல்லது. சைவத்துக்கு இங்கிலாந்தில் இதைவிட வசதியான ஊர் அரிது. ஈஸ்ட் ஸ்ட்ரீட்டில் டெர் ஆ டெர், பிரின்ஸ் ஆல்பர்ட் ஸ்ட்ரீட்டில் ஃபுட் ஃபார் ஃப்ரெண்ட்ஸ், இரண்டும் முழுக்கச் சைவம், பல ஆண்டாக நடப்பவை. வார இறுதியில் முன்பதிவு இல்லாமல் போனால் வாசலோடு திரும்ப வேண்டியிருக்கும். நார்த் லெய்னில் இன்ஃபினிட்டி ஃபுட்ஸ் என்ற கூட்டுறவுக் கடையில் பருப்பு, அரிசி, தானியம் எல்லாம் கிடைக்கும், சமையலறை உள்ள ஃபிளாட் எடுத்தால் உதவும். அம்மா முட்டையும் தொடமாட்டார் என்றால் வெஜிடேரியன் என்று சொன்னால் போதாது, வீகன் என்றே கேளுங்கள். கடற்கரைக் கடைகளில் உருளைக்கிழங்கு சிப்ஸ் வாங்கும்போது கவனம். மீன் பொரித்த எண்ணெயிலேயே அதையும் பொரிப்பார்கள், சில கடைகளில் அது மாட்டுக்கொழுப்பு. கேட்டால் மறைக்காமல் சொல்லிவிடுவார்கள்.

நார்த் லெய்ன் பற்றி: தெருக்கள் உள்ளே சமதளம்தான். பவிலியன் பக்கமிருந்து நுழைந்தால் ஏற்றமே தெரியாது. ரயில் நிலையப் பக்கமிருந்து டிரஃபால்கர் ஸ்ட்ரீட்டிலோ நார்த் ரோட்டிலோ இறங்கினால் செங்குத்து. அங்கே ஹோட்டல் குறைவு, கடைகளுக்கு மேலே வாடகை ஃபிளாட்கள்தான் அதிகம், அதாவது மீண்டும் படி. சுற்றிப் பார்க்கும் இடமாக வைத்துக்கொள்ளுங்கள், தங்க வேண்டாம்.

பவிலியனுக்குப் போகும்போது தெற்கு வாசலில் இந்தியா கேட் நிற்கும், பார்க்காமல் தாண்டிவிடாதீர்கள். முதல் உலகப்போரில் காயம்பட்ட இந்தியச் சிப்பாய்களுக்கு அந்த அரண்மனையே மருத்துவமனையாக இருந்தது. அதற்கு நன்றியாக 1921இல் இந்தியத் தரப்பு கொடுத்த வாசல் அது. அதே ஆண்டு ஊருக்கு வெளியே பாட்சம் குன்றில் சத்ரி நினைவிடமும் எழுந்தது, 53 இந்து, சீக்கிய வீரர்களை எரியூட்டிய இடத்தில். ஆனால் அங்கே கார் போகாது, மேய்ச்சல் நிலத்தில் ஏறி நடக்க வேண்டும். அப்பாவால் முடியாது, நீங்களும் கணவரும் ஒரு காலையில் போய் வரலாம்.

கயல்_ப:
மிக்க நன்றி எல்லோருக்கும். மரீன் பரேடை விட்டுவிட்டேன். இப்போது கிங்ஸ் ரோடு ஹோட்டலா, ஹோவில் லிஃப்ட் உள்ள ஃபிளாட்டா என்பதில் நிற்கிறேன். வார இறுதி விலை கண்ணைக் கட்டுகிறது. இரவில் சத்தம் எப்படி? கடல் பார்த்த அறைக்குக் கூடுதல் பணம் கொடுக்கலாமா?

இராக்கோழி:
விலை ஏறியதற்குக் காரணம் உங்கள் தேதி. மே மாதத்தின் கடைசித் திங்கள் இங்கே பொது விடுமுறை. மே முழுக்க பிரைட்டன் கலைத் திருவிழாவும் அதையொட்டிய ஃப்ரிஞ்ச் நிகழ்ச்சிகளும். பள்ளிகளுக்கு அரைப்பருவ விடுமுறையும் அதை ஒட்டியே வரும். மூன்றும் ஒன்றாக விழுகிற வார இறுதியைத்தான் நீங்கள் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். முடிந்தால் ஞாயிறு மாலை போய் புதன் திரும்புங்கள். சனி இரவு விலை வார நாளைப்போல் இரு மடங்கு ஆவது இங்கே சாதாரணம். சனியைத் தனியாகத் தரவும் மாட்டார்கள், குறைந்தது இரண்டு இரவு என்பார்கள். உங்கள் பொது விடுமுறை வாரத்தில் ஞாயிறு இரவும் விலை கூடவே இருக்கும், அதற்கு முந்தைய வாரம் ஞாயிறு முதல் புதன் இன்னும் உத்தமம். வேறு மாதத்துக்கு மாற்றுவதானால் ஆகஸ்ட் முதல் வார இறுதியைத் தொடாதீர்கள், அது பால்புதுமையினரின் பிரைட் ஊர்வலம், ஊரே நிரம்பிவிடும். ஏப்ரலில் மாரத்தான் ஞாயிறும் அப்படியே.

சத்தம் தெருவுக்குத் தெரு மாறும். வெஸ்ட் ஸ்ட்ரீட் கீழ்ப்பாதி மிக மோசம். கிளப்கள் விடிகாலை வரை, அது முடிந்தபின் டாக்ஸிக்கு நிற்கும் கும்பல். கிங்ஸ் ரோட்டுக்குக் கீழே வளைவறைகளிலும் கிளப்கள் உண்டு, அதனால் வெஸ்ட் ஸ்ட்ரீட் முனைக்கும் பியருக்கும் இடையில் கடல் பார்த்த அறை என்றால் வெள்ளி, சனி இரவுகளில் தூக்கம் போகும். கல்யாணத்துக்கு முன் தோழிகள், தோழர்கள் கூட்டமாகக் குடித்துக் கொண்டாட வரும் ஊர் இது. கெம்ப் டவுனில் செயின்ட் ஜேம்ஸஸ் ஸ்ட்ரீட்டிலும் மதுக்கடைகள் நெருக்கம். மேற்கே மெட்ரோபோல் ஹோட்டலைத் தாண்டினால் அடங்கத் தொடங்கும், ரீஜென்சி ஸ்கொயர் நடுத்தரம், ஹோவ் அமைதி.

கடல் அறை பற்றிக் கேட்டீர்கள். ஞாயிறு முதல் வியாழன் வரை தங்கினால் கொடுக்கலாம். வார இறுதி என்றால் பின்பக்க அறை கேளுங்கள், விலையும் குறையும். சாய்வாகக் கடல் தெரியும் என்று விளம்பரத்தில் போட்டிருந்தால், ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டு பக்கவாட்டில் பார்க்கும் ஒரு கீற்று நீலம். அதற்குப் பணம் தண்டம்.

யாரும் சொல்லாத ஒன்று கடற்காகம். மே முதல் ஜூலை வரை கூரைகளில் கூடு கட்டிக் குஞ்சு வளர்க்கும் காலம். மே கடைசியில் 5 மணிக்கு முன்பே விடிந்துவிடும், அவை அதற்கும் முன்பே கத்தத் தொடங்கும். உச்சி மாடி அறைக்கு இதுவும் ஒரு குறை, புகைபோக்கி மேலே உட்கார்ந்து கத்தினால் அறைக்குள் கத்துவதுபோல இருக்கும். பழைய கட்டடத்தில் ஏசி இருக்காது, மேலும் கீழும் நகரும் மரச் சட்ட ஜன்னலில் பெரும்பாலும் ஒற்றைக் கண்ணாடி. மூடினால் புழுக்கம், திறந்தால் காகம். காதடைப்பான் ஆளுக்கு ஒரு ஜோடி வாங்கி வாருங்கள். பையன் கையில் சிப்ஸ் கொடுத்துத் திறந்த வெளியில் நிறுத்தாதீர்கள், பின்னாலிருந்து வந்து பறித்துவிடும்.

தேர்ச்சக்கரம்:
இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். நாங்களும் அதே வாரம், ஆனால் காரில். பார்த்த ஹோட்டல் எதிலும் பார்க்கிங் இல்லை. எங்கே தங்கினால் தலைவலி குறையும்?

சரளைக்கல்:
நடுநகரத்தில் கார் சுமைதான். தெருக்கள் எல்லாம் அனுமதிச்சீட்டு மண்டலம். பல இடங்களில் காசு போடும் இயந்திரத்தை எடுத்துவிட்டார்கள், பேபைஃபோன் செயலியில்தான் கட்ட வேண்டும். ஊருக்கு வருமுன்பே அதில் வண்டி எண்ணைப் பதிந்து வையுங்கள். நார்த் ஸ்ட்ரீட்டில் பஸ்ஸுக்கு மட்டுமான பகுதி இருக்கிறது, வழிகாட்டிச் செயலி சொல்கிறதே என்று நுழைந்தால் கேமரா பிடிக்கும், அபராதம் வீட்டுக்கு வரும். வாடகைக் கார் என்றால் நிறுவனம் தன் நிர்வாகக் கட்டணத்தையும் சேர்த்து எடுக்கும்.

வெளி மண்டலங்கள் சிலவற்றில் காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் மட்டும்தான் கட்டுப்பாடு, மற்ற நேரம் இலவசம். தெருமுனைப் பலகையைப் படித்துவிட்டு நிறுத்துங்கள். பிரஸ்டன் பார்க் பக்கம் தங்கி ரயிலிலோ பஸ்ஸிலோ இறங்கலாம். இல்லையென்றால் ஊரையே மாற்றுங்கள்: லூயிஸ் 15 நிமிட ரயில், வர்திங் 25 நிமிடம் போல. மணல் வேண்டும் என்பவர்களுக்கும் வர்திங்தான். அலை வற்றும்போது அங்கே அகலமாக மணல் தெரியும். பிரைட்டன் முழுக்கக் கூழாங்கல், தண்ணீரை நெருங்கும் இடத்தில் செங்குத்தாகச் சரியும்.

கயல், உங்களுக்கும் இது பொருந்தும். பையனுக்கு ரப்பர் செருப்பு வாங்குங்கள், அப்பாவைக் கல்லில் இறக்க வேண்டாம், நடைபாதை இருக்கையே போதும். மே கடைசியில் கடல் 12, 13 டிகிரிதான், குளிக்க நினைத்தால் கால் நனைப்பதோடு முடிந்துவிடும்.

ஹோவ்_மாமா:
முடிவெடுக்க முன்னம் ஹோட்டலுக்கு எழுத்தில கேளுங்கோ, தங்கச்சி. வெறுமனே லிஃப்ட் இருக்கா எண்டு கேட்டா ஓம் எண்டுதான் பதில் வரும். நடைபாதையில இருந்து கட்டில் வரைக்கும் மொத்தம் எத்தனை படி எண்டு கேளுங்கோ. பழைய வீடுகளை இணைச்சு ஹோட்டலாக்கின இடங்களில லிஃப்ட் அரைத்தளத்தில நிக்கும், அங்கயிருந்து அறைக்கு இன்னும் அஞ்சாறு படி இறங்கவோ ஏறவோ வேணும். காலைச் சாப்பாட்டு அறை அடித்தளத்தில இருக்கும், அதுக்கும் லிஃப்ட் போகுதா எண்டு கேளுங்கோ. குளியல் தொட்டிக்குள்ள ஏறி நிண்டு குளிக்கிற மாதிரி எண்டா அப்பாவுக்கு ஆபத்து, மட்டத்தில நிண்டு குளிக்கிற ஷவர் உள்ள அறை வேணும் எண்டு எழுதுங்கோ. அறை எந்த ரோட்டைப் பாக்குது எண்டதையும் பேரோட கேளுங்கோ.

என்ர தெரிவு: வார நாள் எண்டால் கிங்ஸ் ரோட், வார இறுதியை மாத்தேலாது எண்டால் ஹோவ். அறை பின்னேரம் 3 மணி போலத்தான் தருவினம். விமானம் காலையில வந்தா பெட்டியை ஹோட்டலில வைக்கலாம். வாடகை ஃபிளாட் எண்டால் வைக்க இடம் இருக்காது, அதையும் கணக்கில எடுங்கோ.

டிக்கெட்டுக்கு: நாலு பெரியவர் ஒண்டாப் போறதால குரூப்சேவ் எண்ட கூட்டுச் சலுகை எடுத்தா நெரிசல் இல்லாத நேரத்தில மூண்டில ஒரு பங்கு குறையும். பிள்ளைக்கு அரை டிக்கெட். சதர்ன் மட்டும், தேம்ஸ்லிங்க் மட்டும் எண்டு மலிவு டிக்கெட்டும் இருக்கு, அதை எடுத்தா அந்தக் கொம்பனி ரயிலிலதான் ஏறலாம், மற்றதில ஏறினா அபராதம். லண்டனில பயணத்துக்குத் தட்டுற ஒய்ஸ்டர் கார்ட் கேட்விக்கோட நிண்டுபோகும், பிரைட்டனுக்கும் ஹோவுக்கும் செல்லாது. வார இறுதி, விடுமுறை நாளுகளில இந்தப் பாதையில தண்டவாள வேலை வரும். அண்டைக்கு ரயிலுக்குப் பதிலா த்ரீ பிரிட்ஜஸ் ஸ்டேசனில இருந்து பஸ்ஸில ஏத்துவினம், பெட்டியோட ஏறி இறங்க அப்பா கஷ்டப்படுவார். காசு கட்ட முன்னம் நேஷனல் ரெயில் தளத்தில உங்கட தேதியைப் போட்டுப் பாருங்கோ.